காலிப் பாத்திரமும் கோணித் துணியும்: சிலி ஆட்சிக் கவிழ்ப்பும் அதை எதிர்த்து நின்ற பெண்களும்

ஒரு முழம் நீளம், முக்கால் முழம் அகலம். மாவு மூட்டையைத் துவைத்து, பிரித்து, வெட்டியெடுத்த கோணித் துணி. அதன்மேல் பழைய சட்டை, கிழிந்த போர்வை, பிள்ளைக்குச் சின்னதாகிப்போன உடுப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கத்தரித்து ஒட்டுத்தையல் போட்டிருக்கிறார்கள். மேலே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஆண்டிஸ் மலை. அதன் மூலையில் ஒரு சூரியன். மலைக்குக் கீழே தெரு, தெருவில் சுண்டுவிரல் உயரத்துக்குத் துணிப் பொம்மைகளாகச் சில பெண்கள். தலைமுடிக்குக் கம்பளி நூல். ஒவ்வொருத்தியின் நெஞ்சிலும் ஒரு சின்னச் சதுரம். அது ஒரு புகைப்படம் என்று புரிய ஒரு நொடி ஆகும். துணியைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் சில சமயம் ஒரு குட்டிப் பை இருக்கும். அதற்குள் மடித்து வைத்த காகிதத் துண்டு. தைத்தவர் தன் கையால் எழுதிய நாலு வரி.

சிலியில் இதற்கு ஆர்பியேரா என்று பெயர். அந்த ஸ்பானியச் சொல்லுக்கே கோணித் துணி என்றுதான் பொருள். 1974 முதல் தலைநகர் சந்தியாகோவின் ஏழைக் குடியிருப்புகளில் பெண்கள் இவற்றைத் தைத்தார்கள். தேர்தலில் வென்ற ஓர் அரசு வெளிநாட்டுப் பணத்தின் துணையோடு கவிழ்க்கப்பட்டு, அதன்பின் வந்த ராணுவ ஆட்சி ஆட்களை அள்ளிக்கொண்டு போன காலம் அது. நீதிமன்றமும் பத்திரிகையும் எழுத மறுத்ததை இந்தப் பெண்கள் ஊசியால் எழுதினார்கள்.

சிலிக் கதையைச் சொல்லும்போது கவிழ்க்கப்பட்ட அதிபர் அயெந்தே, கவிழ்த்து ஆட்சியைப் பிடித்த தளபதி பினோசெட், அமெரிக்க அதிபர் நிக்சன், அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கர் என்று ஆண்களின் பெயர்களிலேயே பெரும்பாலும் முடித்துவிடுகிறோம். சமையலறைப் பக்கமிருந்து பார்த்தால் அதே கதை வேறு மாதிரி தெரிகிறது. வெளிநாட்டுத் தலையீடு முதலில் குறிவைத்ததே பெண்களின் பயத்தையும் அவர்கள் வீட்டு அடுப்பையும்தான். பிற்பாடு அதற்கு எதிரான பதிலும் அதே இடத்திலிருந்துதான் கிளம்பியது.

1964: பயத்துக்குச் செலவழித்த பணம்

கதை 1973இல் தொடங்கவில்லை. 1964 அதிபர் தேர்தலில் எதுவார்தோ ஃப்ரெய்யும் சால்வடார் அயெந்தேயும் மோதினார்கள். ஃப்ரெய் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர். அயெந்தே சோசலிஸ்ட், தொழிலால் மருத்துவர். ஃப்ரெய்யின் பிரசாரச் செலவில் பாதிக்கு மேல் கொடுத்தது அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. இதைச் சொல்வது எதிர்க்கட்சி மேடைப் பேச்சு இல்லை. அமெரிக்க செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான செனட் குழு 1975இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது.

அந்தப் பணம் எங்கே போனது என்பதுதான் முக்கியம். ஒரு சுவரொட்டியில் குழந்தைகளின் நெற்றியில் அரிவாள் சுத்தியல் முத்திரை குத்தியிருந்தது. அயெந்தே வந்தால் உங்கள் பிள்ளை உங்களுக்கில்லை என்பது செய்தி. சி.ஐ.ஏ. பணத்தில் இயங்கிய ஒரு குழு தீவிரப் பிரசாரத்தின் முதல் வாரத்தில் சந்தியாகோ வானொலிகளுக்கு மட்டும் நாளுக்கு 20 சிறு விளம்பரங்கள் தயாரித்தது. வெளி மாகாணங்களில் மேலும் 44 நிலையங்கள். காஸ்ட்ரோவின் சொந்தத் தங்கை ஹுவானாவின் குரலும் சிலி வீடுகளுக்குள் வந்தது. அந்தக் காலத்தில் சிலியில் ஆண்களும் பெண்களும் தனித்தனி வாக்குச்சாவடிகளில் வாக்களித்தார்கள். பெண்களின் வாக்கு எந்தப் பக்கம் போகிறது என்று அதனால் துல்லியமாகத் தெரிந்தது. அயெந்தே தோற்றார். பயமுறுத்தும் பிரசாரம்தான் மிகவும் பலன் தந்த வேலை என்று சி.ஐ.ஏ. தன் கணக்கில் எழுதிக்கொண்டது.

1970: அலற வைத்த பொருளாதாரம்

ஆறு வருடம் கழித்து, 1970 செப்டம்பர் 4 அன்று, மும்முனைப் போட்டியில் 36 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி அயெந்தே முதலிடம் வந்தார். அப்போதும் ஆண்களில் 10க்கு 4 பேர் அவருக்கு வாக்களித்திருக்க, பெண்களில் 10க்கு 3 பேர்தான். யாருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால் நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசியல் சட்டம். வாக்கெடுப்பு அக்டோபர் 24 என்று குறித்தார்கள்.

இடையில் செப்டம்பர் 15. அன்று காலையில் சிலியின் மிகப் பெரிய நாளிதழான 'எல் மெர்க்கூரியோ'வின் முதலாளி அகுஸ்தின் எட்வர்ட்ஸ் வாஷிங்டனில் கிஸ்ஸிங்கரைச் சந்திக்கிறார். பிற்பகலில் நிக்சன் சி.ஐ.ஏ. தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸை வரவழைத்துப் பேசுகிறார். ஹெல்ம்ஸ் கையால் எடுத்த குறிப்பு இன்று எவரும் பார்க்கக் கிடைக்கிறது. பத்தில் ஒரு வாய்ப்புதான், ஆனாலும் சிலியைக் காப்பாற்ற வேண்டும். 1 கோடி டாலர் தயார், தேவைப்பட்டால் மேலும். தூதரகத்துக்குத் தெரிய வேண்டாம். பொருளாதாரத்தை அலற வைக்க வேண்டும்.

அரசியல் சட்டத்தை மீற மாட்டேன் என்று நின்ற ராணுவத் தளபதி ரெனே ஷ்னைடரைக் கடத்த ஒரு கும்பல் முயன்றது. அக்டோபர் 22 அன்று அவரைச் சுட்டார்கள். மூன்றாம் நாள் இறந்தார். கடத்தலுக்குத் திட்டமிட்ட ராணுவ அதிகாரிகளோடு சி.ஐ.ஏ. தொடர்பில் இருந்தது, துப்பாக்கிகளும் கொடுத்தது. ஆனால் அவர்கள் நினைத்ததற்கு நேர்மாறாக நடந்தது. தளபதி மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, நாடாளுமன்றம் 153க்கு 35 என்ற கணக்கில் அயெந்தேயைத் தேர்ந்தெடுத்தது.

அயெந்தே அரசின் வாக்குறுதிகளில் வீடுகளுக்குள் நேராகப் போய்ச் சேர்ந்தது பால். ஒவ்வொரு குழந்தைக்கும் தினம் அரை லிட்டர். மருத்துவராகப் பிள்ளைகளின் ஊட்டச்சத்துக் குறைவை நேரில் பார்த்தவர் கொடுத்த வாக்கு அது. 1971 ஜூலை 11 அன்று தாமிரச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கினார்கள். அந்தச் சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் ஒரு வாக்குகூட எதிராக விழவில்லை. வலதுசாரிகளும் கை தூக்கினார்கள். அனகோண்டா, கென்னகாட் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களுக்கு அது பெரிய அடி.

பதில் சத்தமில்லாமல் வந்தது. 1969இல் 3.5 கோடி டாலராக இருந்த அமெரிக்க நேரடி உதவி 1971இல் 15 லட்சமாகச் சுருங்கியது. உலக வங்கி புதுக் கடன் தரவில்லை. சிலி ராணுவத்துக்கான உதவி மட்டும் நிற்கவில்லை. கடன் நின்றால் உதிரிபாகம் வராது. சுக்கிகமாத்தா தாமிரச் சுரங்கத்தின் டீசல் லாரிகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று ஓடவில்லை. நகரத் தனியார் பேருந்துகளில் 30 சதவீதமும் அரசுப் பேருந்துகளில் 33 சதவீதமும் டயரும் உதிரிபாகமும் இல்லாமல் நின்றன. இவையும் அமெரிக்க செனட் அறிக்கையில் உள்ள எண்களே. லாரி நின்றால் மாவும் எண்ணெயும் கடைக்கு வராது. வாஷிங்டனில் ஒரு காகிதத்தில் எழுதிய 'அலற வைப்பது' என்பது சந்தியாகோவில் ரொட்டி வரிசையில் நின்ற பெண்ணின் கால்வலியாக வந்து சேர்ந்தது.

அயெந்தே அரசின் தவறுகளையும் சொல்ல வேண்டும். சம்பளத்தை ஏற்றினார்கள், விலையைக் கட்டிப்போட்டார்கள், பற்றாக்குறைக்கு நோட்டு அடித்தார்கள். பொருள் பதுங்கியது, கள்ளச்சந்தை பெருத்தது. 1973இல் விலைவாசி ஏற்றம் ஆண்டுக்கு 500 சதவீதத்தைத் தாண்டியது. எல்லாப் பழியையும் நிக்சன் தலையில் போட முடியாது. ஆனால் தடுமாறுகிறவனைத் தாங்கிப் பிடிக்காமல் காலை வாரிவிடுவதற்கென்றே ஒருவன் பணத்தோடு பக்கத்தில் நின்றான் என்பதும் உண்மை.

1971 டிசம்பர் 1 அன்று சந்தியாகோவில் ஆயிரக்கணக்கான பெண்கள் காலிப் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு அரசுக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். வசதியான வட்டாரங்களிலிருந்து வந்தவர்கள் அதிகம். மறுவருடம் 'பெண் சக்தி' என்ற பெயரில் ஓர் அமைப்பும் உருவானது. அவர்களில் சிலர் ராணுவ முகாம்களுக்குப் போய்ச் சிப்பாய்கள் முன்னால் சோளத்தை வீசினார்கள். கோழிகளே, உங்களுக்கு வீரமில்லையா என்று அர்த்தம். 'எல் மெர்க்கூரியோ' இதையெல்லாம் கொண்டாடி எழுதியது. அந்தப் பத்திரிகைக்கு 1971–72இல் மட்டும் சி.ஐ.ஏ. கொடுத்த தொகை 16 லட்சம் டாலருக்கு மேல்.

அந்தப் பெண்கள் எல்லோரையும் கைக்கூலிகள் என்று நான் சொல்ல மாட்டேன். வரிசையில் நின்று சலித்த கோபம் உண்மையான கோபம். அந்தக் கோபத்துக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி. 1972 அக்டோபரில் லாரி முதலாளிகளின் வேலைநிறுத்தம் நாட்டையே முடக்கியதே, அதற்குத் துணை நின்ற தனியார் அமைப்புகளில் சில சி.ஐ.ஏ.விடம் பணம் வாங்கியவை.

இன்னொரு பக்கத்தில் ஏழைக் குடியிருப்புப் பெண்கள் வேறு வேலையில் இருந்தார்கள். விலையையும் விநியோகத்தையும் கண்காணிக்கத் தெருவுக்குத் தெரு குழுக்கள் அமைந்தன. பதுக்கலைக் கண்டுபிடிப்பது, வந்த மாவைப் பங்கிடுவது, யார் வீட்டில் கைக்குழந்தை என்று கணக்கு வைப்பது, எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பழக்கம் பின்னால் பெரிய உதவியாக வரப்போகிறது.

1973 மார்ச் நாடாளுமன்றத் தேர்தலில் அயெந்தேயின் கூட்டணிக்கு 43 சதவீதத்துக்கும் மேல் கிடைத்தது. அவ்வளவு அலறலுக்குப் பிறகும் ஆதரவு கூடியிருந்தது. வாக்குச்சீட்டால் இறக்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. ஆகஸ்டில் தளபதிகளின் மனைவிமார் தலைமைத் தளபதி கார்லோஸ் ப்ராட்ஸின் வீட்டு வாசலில் கூடி அவரை அவமதித்தார்கள். இரண்டு நாளில் ப்ராட்ஸ் பதவி விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் பினோசெட்.

செப்டம்பர் 11

1973 செப்டம்பர் 11 காலை. விமானப்படை விமானங்கள் அதிபர் மாளிகைமீது குண்டு போட்டன. அதற்குச் சற்று முன்னால் மகலானெஸ் வானொலி வழியாக அயெந்தே கடைசியாகப் பேசினார். அந்தப் பேச்சில் அவர் எளிய பெண்களைத் தனியாக அழைத்துப் பேசியது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. எங்களை நம்பிய விவசாயப் பெண்ணுக்கு, கூடுதலாக உழைத்த தொழிலாளிப் பெண்ணுக்கு, பிள்ளைகள்மேல் எங்களுக்கு இருந்த அக்கறையை அறிந்த தாய்க்கு என்று. அன்று பிற்பகல் அவர் உயிரோடு இல்லை.

ஐந்து நாள் கழித்து நிக்சனும் கிஸ்ஸிங்கரும் தொலைபேசியில் பேசினார்கள். நாம் செய்யவில்லை, அவர்களுக்கு உதவினோம், முடிந்தவரை சூழலை உருவாக்கிக் கொடுத்தோம் என்றார் கிஸ்ஸிங்கர். ஆட்சிக் கவிழ்ப்பு நாளில் அமெரிக்கர்கள் நேரடியாகப் பங்கெடுத்ததற்கு ஆதாரம் இல்லை என்றுதான் சர்ச் குழுவும் சொன்னது. ஆனால் மூன்று வருடம் சூழலை உருவாக்கியவர்களுக்கு அந்த ஒரு நாள் நேரில் வரவேண்டிய அவசியம் என்ன?

கால்பந்து மைதானங்கள் சிறைகளாயின. தேசிய மைதானத்தில் ஆண்களைப் பார்வையாளர் மாடங்களில் வைத்தார்கள், பெண்களை நீச்சல்குளப் பகுதியில் அடைத்தார்கள். 1974இல் 'தினா' என்ற ரகசியப் போலீஸ் சட்டபூர்வமாகவே அமைக்கப்பட்டது. அதன் தலைவர் மானுவேல் கொந்த்ரேராஸ் 1975இல் சிறிது காலம் சி.ஐ.ஏ.விடம் பணம் வாங்கியவர் என்பதை 2000ஆம் ஆண்டில் சி.ஐ.ஏ.வே ஒப்புக்கொண்டது.

சிலி அரசு இன்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்ட பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை 40,000. இதில் 3,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும். 2004இல் வெளிவந்த விசாரணைக் குழு அறிக்கைக்கு வாக்குமூலம் கொடுத்த பெண்கள் 3,399 பேர். கிட்டத்தட்ட எல்லோருமே ஏதோ ஒரு வகைப் பாலியல் வன்முறையைச் சொன்னார்கள்.

வாசல் வாசலாக

பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தேடிப் புறப்பட்டவர்கள் மனைவியர், தாய்மார், அக்கா தங்கைகள், மகள்கள். காவல் நிலையம், பட்டாளத்து முகாம், மருத்துவமனை, பிணவறை. எங்கே போனாலும் அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவில்லை என்ற பதில். ஒரே வாசலில் திரும்பத் திரும்பச் சந்தித்ததில் ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்துகொண்டார்கள். உங்களுக்கு யார், எனக்கு மகன், எனக்கு வீட்டுக்காரர். காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பத்தினர் சங்கம் இப்படித்தான் உருவாயிற்று.

தேவாலயங்கள் சேர்ந்து 1973 அக்டோபரிலேயே சமாதானக் குழு ஒன்றை அமைத்திருந்தன. பினோசெட்டின் நெருக்கடியில் 1975 இறுதியில் அதை மூட வேண்டியதாயிற்று. சந்தியாகோ கர்தினால் ரவுல் சில்வா என்ரிகெஸ் 1976 ஜனவரி 1 அன்றே 'ஒருமைப்பாட்டு விகாரியகம்' என்ற பெயரில், இந்த முறை திருச்சபையின் சொந்த அலுவலகமாக, வேறு கதவைத் திறந்தார். வழக்கறிஞர்கள் அங்கே பெண்களோடு உட்கார்ந்து ஆட்கொணர்வு மனு எழுதினார்கள். ஆயிரக்கணக்கான மனுக்கள் போயின. நீதிமன்றம் ஏற்றுக்கொண்டவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தோற்கும் என்று தெரிந்தும் ஏன் எழுதினார்கள்? ஒவ்வொரு மனுவிலும் தேதி, நேரம், தெரு, வந்த வண்டி, வந்தவர்கள் போட்டிருந்த உடை, பார்த்த சாட்சி, எல்லாம் பதிவாயிற்று. நீதிபதி தள்ளுபடி செய்தாலும் காகிதம் இருந்தது. என் பார்வையில் அந்தப் பெண்களின் எதிர்ப்பில் மிகவும் தொலைநோக்கானது இதுதான்.

1975 ஜூலையில் அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு சோதனை வந்தது. அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் அதுவரை யாரும் கேள்விப்படாத இரண்டு பத்திரிகைகளில் 119 சிலி நாட்டவரின் பெயர்கள் வெளியாயின. வெளிநாட்டில் தங்களுக்குள் சண்டையிட்டுச் செத்தார்கள் என்றது செய்தி. சந்தியாகோ மாலை நாளிதழ் ஒன்று எலிகளைப் போல் ஒழிக்கப்பட்டார்கள் என்று தலைப்புப் போட்டது. ஆனால் அந்தப் பெயர்களுக்குரியவர்கள் பிடிபட்ட நாளும் இடமும் பெண்களிடம் எழுத்தில் இருந்தன. மொத்தமும் ரகசியப் போலீஸ் ஜோடித்த பொய்.

கோணியும் ஊசியும்

வீட்டில் சம்பாதித்தவர் போய்விட்டார் அல்லது வேலை பறிபோய்விட்டது. அடுப்பெரிய ஏதாவது வேண்டும். அப்படித் தொடங்கியவைதான் 1974இல் சமாதானக் குழு நடத்திய தையல் பட்டறைகள். வலெந்தினா போன் என்ற ஓவியர் கூட இருந்து வழிகாட்டினார். முன்மாதிரியும் நாட்டுக்குள்ளேயே இருந்தது. நாட்டுப்புறப் பாடகி வியொலெத்தா பர்ரா கோணியில் பூவேலை செய்து 1964இல் பாரிஸின் லூவ்ர் வளாகத்தில் கண்காட்சியே வைத்திருந்தார். நம்மூர் வாசகர்களுக்கு நெரூதாவின் வீடு என்று தெரிந்த இஸ்லா நெக்ராவிலும் மீனவக் குடும்பப் பெண்களின் பூவேலை பெயர் பெற்றது.

முதலில் என்ன தைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. நடந்ததைத் தையுங்கள் என்றார்கள். சரி, நடந்ததைத் தைத்தார்கள். இரவில் வீட்டுக்குள் புகுந்த சிப்பாய்கள். கதவில் பூட்டுத் தொங்கும் தொழிற்சாலை. மின்கம்பியில் கொக்கி போட்டுத் திருடும் மின்சாரம். தெருவுக்கெல்லாம் ஒரே தண்ணீர்க் குழாய். பெரிய பானையைச் சுற்றிக் கிண்ணத்தோடு நிற்கும் பிள்ளைகள். துடைப்பத்துக்குத் தீக்குச்சி, பானைக்கு ஒரு துண்டு ஈயத்தாள். சிலர் காணாமல்போனவரின் சட்டையிலிருந்தே துண்டு வெட்டிப் பொம்மைக்குப் போட்டார்கள். ஒரு வருடமாகப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த சட்டையில் கத்தரிக்கோல் வைக்க அந்தப் பெண்ணின் கை எவ்வளவு நேரம் தயங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எத்தனை துயரமான காட்சியானாலும் வண்ணம் மட்டும் பளிச்சென்று இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம். மலையும் சூரியனும் அநேகமாகத் தவறாது. தூரத்திலிருந்து பார்த்தால் குழந்தைகள் அறையில் மாட்டும் படம் போலத் தோன்றும். கிட்டே வந்தால்தான் தரையில் கிடக்கும் ஆள் தெரியும். சோதனை போடுகிற சிப்பாய்க்கு இது பொம்பளைங்க கைவேலைதானே என்ற அலட்சியமும் இருந்தது. அந்த அலட்சியம்தான் பல காலம் கவசமாக நின்றது. பின்னால் அரசு விழித்துக்கொண்டு தேசத்துக்கு அவதூறு என்று ஆள்விட்டு எழுத வைத்தது. அப்புறம் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தைத்தார்கள், பாவாடைக்குள் மறைத்து எடுத்துப் போனார்கள்.

விகாரியகம் அவற்றை வாங்கி, நம்பிக்கையானவர்கள் மூலம் வெளிநாடுகளுக்கு அனுப்பியது. நாடு கடந்து வாழ்ந்த சிலி மக்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்றுக் கொடுத்தார்கள். தைத்தவர்கள் பெரும்பாலும் பெயர் போடவில்லை, போட்டால் ஆபத்து. ஆனாலும் பின்பக்கப் பையில் அந்த நாலு வரி போயிற்று. எந்த நாட்டுப் பணம் தங்கள் அரசைக் கவிழ்க்க உதவியதோ அந்த நாட்டு மக்களின் வரவேற்பறைச் சுவருக்கே என்ன நடந்தது என்ற செய்தி போய்ச் சேர்ந்தது.

அனா கோன்சாலெஸ்

1976 ஏப்ரல் 29 இரவு சந்தியாகோவில் அனா கோன்சாலெஸின் இரண்டு மகன்களையும் ஒரு மருமகளையும் பிடித்துப் போனார்கள். மருமகள் நால்வியா மூன்று மாதக் கர்ப்பிணி. உடனிருந்த இரண்டு வயதுக் குழந்தையை மட்டும் திருப்பி விட்டுப் போனார்கள். மறுநாள் காலை தேடப் புறப்பட்ட கணவர் மானுவேல் ரெக்கபார்ரெனும் திரும்பவில்லை. ஒரே இரவு, ஒரு காலை. வீட்டில் நாலு பேர் இல்லை.

ஆறு வாரம் கூட ஆகவில்லை. ஜூன் 8 அன்று அதே சந்தியாகோவில் கிஸ்ஸிங்கர் பினோசெட்டின் எதிரே உட்கார்ந்திருந்தார். அமெரிக்க நாடுகள் அமைப்பின் கூட்டத்துக்கு வந்தவர். நீங்கள் இங்கே செய்ய முயல்வதில் எங்களுக்கு அனுதாபம் உண்டு என்று அவர் சொன்னது அரசு ஆவணத்தில் இருக்கிறது. மனித உரிமை பற்றி அன்று அவர் ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். அது பினோசெட்டைக் குறிவைத்ததில்லை என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லியும் வைத்தார்.

அனா அதுவரை வீட்டையும் கட்சி வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தவர். அதன்பின் தெருவே அவருக்கு வேலை. 1977 ஜூனில் ஐ.நா.வின் லத்தீன் அமெரிக்கப் பொருளாதார ஆணையக் கட்டடத்துக்குள் புகுந்து உண்ணாவிரதம் இருந்தவர்கள் 26 பேர், ஏறக்குறைய எல்லோருமே பெண்கள். அந்த வருடமே அவர் ஐ.நா. வரை போய் முறையிட்டார். வாய்விட்டுச் சிரிப்பவர், நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசியவர். துக்கத்தில் இருக்கிற பெண் எப்படித் தோன்ற வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு அவர் ஒரு நாளும் வளைந்து கொடுக்கவில்லை.

1978 மார்ச் 8, பெண்கள் தினம். காவ்பொலிகான் அரங்கில் சங்கத்துப் பெண்களின் இசைக்குழு மேடையேறியது. க்வேக்கா என்பது ஆணும் பெண்ணும் கைக்குட்டையை வீசிச் சேர்ந்து ஆடும் நடனம். அன்று ஒரு பெண் தனியாக ஆடினாள். எதிரே யாரும் இல்லை. நெஞ்சில் படம் குத்தியிருந்தாள். மறுவருடம் ராணுவ அரசு க்வேக்காவை நாட்டின் தேசிய நடனமாக அறிவித்தது. அதற்குள் தனி க்வேக்கா என்ற புது ஆட்டம் பிறந்துவிட்டது. 1979 ஏப்ரலில் சங்கத்தினர் மூடிக்கிடந்த நாடாளுமன்றத்தின் இரும்புக் கம்பிகளில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். சில நாளில் அந்தக் காட்சியும் கோணித் துணிக்கு வந்தது.

பாத்திரச் சத்தம் திரும்பியது

1982இல் சிலிப் பொருளாதாரம் சரிந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்துவந்தவர்கள் வகுத்த சந்தைத் திட்டம் கண்ட முடிவு அது. ஒரே ஆண்டில் உற்பத்தி சுமார் 14 சதவீதம் விழுந்தது. குடியிருப்புகளில் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் காய், கொஞ்சம் எண்ணெய், சந்தையில் கேட்டு வாங்கிய எலும்பு என்று சேர்த்து ஒரே பானையில் சமைத்தார்கள். நம் நெசவாளர் ஊர்களில் கஞ்சித் தொட்டி என்பார்களே, அதேதான். அங்கே அதன் பெயர் 'பொதுப் பானை'. விலைக் கண்காணிப்புக் குழுக்களில் கற்ற கணக்கு இப்போது கைகொடுத்தது. மேலிடத்துக்கு இந்தப் பானை பிடிக்கவில்லை. பட்டினி இல்லாத நாட்டில் பானை எதற்கு? பல இடங்களில் போலீஸ் வந்து உதைத்துக் கவிழ்த்தது.

1983 மே 11 அன்று தாமிரத் தொழிலாளர் கூட்டமைப்பு தேசிய எதிர்ப்பு நாளுக்கு அழைப்பு விடுத்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள், கடையில் எதுவும் வாங்காதீர்கள், இரவு 8 மணிக்கு அவரவர் வீட்டிலிருந்தே பாத்திரத்தைத் தட்டுங்கள். எட்டு மணிக்கு ஒரு வீட்டில் தொடங்கியது, அடுத்தது, அடுத்த தெரு, பிறகு நகரம் முழுக்க. 12 வருடம் முன்பு அயெந்தேக்கு எதிராகத் தட்டிய வட்டாரங்களிலும் கேட்டது. ஆகஸ்டில் 18,000 சிப்பாய்களைப் பினோசெட் தலைநகரில் இறக்க வேண்டி வந்தது.

அந்த டிசம்பர் 29 அன்று 'வாழ்வுக்கான பெண்கள்' என்ற அமைப்பு அதே காவ்பொலிகான் அரங்கில் சுமார் 10,000 பெண்களைத் திரட்டியது. எதிர்க்கட்சித் தலைவர்கள் ஒரே மேசையில் உட்கார முடியாமல் இழுபறியில் இருந்த காலம். கம்யூனிஸ்டும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரியும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தார்கள். நாட்டிலும் ஜனநாயகம், வீட்டிலும் ஜனநாயகம் என்பது அந்த நாட்களின் முழக்கம்.

1988 அக்டோபர் 5 பொதுவாக்கெடுப்பில் பினோசெட் வேண்டாம் என்று சொன்னவர்கள் 55 சதவீதம். பெண்களிலும் பாதிக்கு மேல்.

முடியாத கடத்தல்

சட்டப் பக்கம் மிக மெதுவாக நகர்ந்தது. 1973 முதல் 1978 வரையிலான குற்றங்களுக்கு ராணுவ அரசு தனக்குத்தானே பொதுமன்னிப்பு அளித்திருந்தது. ஜனநாயகம் திரும்பிய பிறகும் அந்தச் சட்டம் நின்றது. 1998 ஜனவரியில் பினோசெட் மீது முதல் குற்றப் புகாரைக் கொடுத்தவர் கிளாதிஸ் மரின். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர், 1976 மே மாதம் காணாமல் ஆக்கப்பட்ட ஹோர்ஹே முன்யோஸின் மனைவி.

பெண்கள் பல வருடமாக ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உடலைக் காட்டாதவரை அவர் செத்துவிட்டார் என்று நாங்கள் ஏற்கமாட்டோம், எங்கே என்று சொல்லுங்கள். இதைப் பிடிவாதம் என்றும் பித்து என்றும் சொன்னவர்கள் உண்டு. நீதிபதி ஹுவான் குஸ்மான் அதையே சட்ட மொழியில் வைத்தார். உடல் கிடைக்கவில்லை என்றால் கடத்தல் முடியவில்லை. முடியாத குற்றம் 1978க்கு இந்தப் பக்கமும் தொடர்கிறது, எனவே மன்னிப்பு பொருந்தாது. 1999இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2004இல் கொந்த்ரேராஸின் தண்டனை உறுதியானது. அந்த வழக்குகளில் ஆதாரமாக விரிக்கப்பட்ட காகிதங்களில் பல, முன்பு தள்ளுபடியான அதே ஆட்கொணர்வு மனுக்கள்.

குஸ்மானின் அந்த வாதம் எழுந்த வழக்கு 1973 அக்டோபரில் ஹெலிகாப்டரில் ஊர் ஊராகப் போய்க் கைதிகளைக் கொன்ற ராணுவக் குழு பற்றியது. வடக்கே அத்தகாமா பாலைவனத்து ஊரான கலாமாவில் அக்டோபர் 19 அன்று அவர்கள் கொன்றது 26 பேரை. அந்த வீட்டுப் பெண்கள் மண்வெட்டியும் சல்லடையுமாகப் பாலையில் இறங்கினார்கள். உலகத்திலேயே மிக வறண்ட நிலம், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே நிறம். வருடக்கணக்காகக் கிளறினார்கள். 1990இல் ஒரு பள்ளத்தாக்கில் எலும்புத் துணுக்குகள் கிடைத்தன. முழு உடல்கள் இல்லை. ராணுவம் முன்பே தோண்டி எடுத்து வேறெங்கோ கொண்டுபோய்விட்டிருந்தது. ஒரு தாடைத் துண்டு, சில விரல் எலும்புகள், இப்படித்தான் சிலருக்குத் தங்கள் ஆள் திரும்பிவந்தார்.

அனா கோன்சாலெஸ் 2018 அக்டோபரில், 93 வயதில் இறந்தார். நால்வரில் ஒருவர்கூட அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. தேடும் பொறுப்பை அரசே ஏற்கும் தேசியத் திட்டத்தை அதிபர் காப்ரியேல் போரிச் 2023 ஆகஸ்ட் 30 அன்று, கவிழ்ப்பின் ஐம்பதாம் ஆண்டில், அறிவித்தார். அன்றைய பட்டியலில் 1,469 பெயர்கள். அடையாளம் காணப்பட்டவர்கள் 307 பேர். மீதி 1,162 பேரின் படங்களைச் சங்கத்துப் பெண்கள், இப்போது பெரும்பாலும் மகள்களும் பேத்திகளும், சந்தியாகோ தெருக்களில் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறார்கள். படத்துக்குக் கீழே அதே இரண்டு சொல்: எங்கே இருக்கிறார்கள்?